சிவப்புச் சாவி என்னிடம்தான் இருந்தது

"சாவி சாரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன்.

"வெச்சிராத சார், வெச்சிராத! லிங்கம் சார் கீய வுய்ந்து கீறாரு. மிஷினு பாட்டுக்கு ஓடிக்கினே கீது. எனுக்கு அத்த நிறுத்தத் தெர்ல. நீ ஓடியா சார்!"

காலை பத்து மணி இருக்கும். மந்தைவெளியில் என் வீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிங்கத்தின் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று போயிற்று. ஓடும்போது நான் நினைத்தது அவன் விழுந்ததைப் பற்றி அல்ல. மெஷின் ஓடுகிறது என்றாளே, அது எப்படி ஓடும் என்றுதான் நினைத்தேன். அந்த மெஷினை ஓட வைக்கும் சாவி என் வீட்டுச் சாவிக்கொத்தில் கோர்த்திருந்தது. கொத்து என் சட்டைப் பையில் இருந்தது. ஓட்டத்திலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறாள், வேறு ஏதோ சின்ன மெஷினாக இருக்கும், லிங்கம் கால் தடுக்கி விழுந்திருப்பான், நான் மூச்சிரைக்கப் போய் நின்றால் என்னைப் பார்த்து இளிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

கார் ஷெட்டுக்குள் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். எதிர் மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியம்மாதான் எனக்கு போன் செய்தவள். அவள் அவன் தலையை மடியில் வைத்துக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேசை நடுவே ரம்பம் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சை அடித்து நிறுத்தினேன். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ரம்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும் என்றார் டாக்டர். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதிலை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

மரவேலை பழகும் நம் அடையாறு சனிக்கிழமைக் கூட்டத்தின் சார்பில் குற்றாலலிங்கத்துக்கு ஓர் அஞ்சலி எழுத வேண்டும், நெருங்கிய நண்பர் நீங்கள்தான், நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அவன் மேல் கோபமாக இருக்கிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்பது எனக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 'அவன்' என்றே பழகிவிட்டு இப்போது மாற்றினால், மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து அவனே சிரிப்பான். அது மட்டுமில்லை. இப்போதைக்கு அவனுக்கு 'அவர்' போட எனக்கு மனசும் வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் பாலிசி கொடுக்கும் பிரிவு. அவன் கிளெய்ம் பிரிவு. தி.நகரில் அவன் அண்ணன்மார்களுக்குப் பாத்திரக் கடை இருந்தது. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் பரீட்சை எழுதி அலுவலகத்துக்கு வந்தவன் அவன். விபத்து நடந்த இடத்துக்குப் போய், பார்ட்டி சொல்வது நிஜமா டூப்பா என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. அதில் அவன் புலி. "பொய் சொல்றவன் எப்பவும் ஒரு விவரம் அதிகமா சொல்லுவான், பாலு. நெஜத்தச் சொல்றவனுக்கு அவ்ளோ ஞாபகம் இருக்காது" என்பான். எத்தனையோ எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அளந்திருக்கிறான். அந்தக் கண்ணை நான் மதித்தேன். அதே கண்ணோடு அவன் பொய் சொல்லக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓய்வு பெற்றதும் காரை விற்றுவிட்டு ஷெட்டைப் பட்டறையாக்கினான். உங்களில் பலர் அங்கே வந்திருக்கிறீர்கள். வராதவர்களுக்கும் அவன் உறவினர்களுக்கும் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு பிளைவுட் சுவர். அதில் உளி, இழைப்புளி, சுத்தியல், மூலைமட்டம் எல்லாம் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தான். எந்தச் சாமானை எவன் எடுத்துப் போனாலும் வெறும் கறுப்பு உருவம் பல்லைக் காட்டும். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் கணக்கில்லாமல் வாங்குவான். கடைக்குப் போனால் காய்கறி வாங்குகிற மாதிரி இரண்டு கிளாம்ப் வாங்கி வருவான். "கிளாம்ப் போதும்னு சொன்னவன் இன்னும் பொறக்கல" என்பான்.

இவ்வளவு சாமான்களும் இருந்து, அவன் செய்தது எதுவும் பொருந்தியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவன் செய்த ஸ்டூல் ஆடும். டிராயர் பாதியில் நின்றுவிடும், அல்லது மொத்தமாகக் கையோடு வரும். தன் மனைவி செண்பகத்துக்காகச் சமையலறையில் மசாலா டப்பாக்கள் வைக்க ஒரு ஷெல்ஃப் செய்து மாட்டினான். மிளகுத் தூள் வைத்தால் சீரகம் பக்கம் நகர்ந்து போகும். நான் மூலைமட்டத்தை எடுத்து வைத்து இடைவெளியைக் காட்டுவேன். "அத மூடி வெய்யா, மரத்துக்குக் கூச்சமா இருக்கும்" என்பான். அவன் வேலையைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இருந்தது. அவனும் அதை ரசித்தான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம் கூட்டத்தில் எல்லோருக்கும் அவன் ஒரு தள்ளுகட்டை செய்து கொடுத்தது நினைவிருக்கும். ரம்பத்தில் பலகையைக் கையால் தள்ளாமல் தள்ளுவதற்கான கட்டை. பறவை வாலைப் போல் ஒரு கைப்பிடி, நுனியில் ஒரு வெட்டு. ஒரு சனிக்கிழமை பை நிறையக் கொண்டுவந்து, கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி ஆளுக்கொன்று கொடுத்தான். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம். "பத்து வெரலும் ஒரிஜினல். டூப்ளிகேட் கெடைக்காது." கைதட்டினோம். அந்தக் கட்டை இன்றைக்கும் உங்கள் மேசையில் இருக்கும்.

அந்தக் கட்டையை அவனே ஒரு நாள் எடுக்கவில்லை. கையால் தள்ளினான். இடது கட்டைவிரலில் நகமும் கொஞ்சம் சதையும் போயிற்று. செண்பகம் தரமணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அன்று வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். முடிந்ததும் ஒரே பேச்சுதான் பேசினாள்.

"ஒண்ணு அந்த மெஷின் வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

லிங்கம் என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழித்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "செண்பகம், அந்த மெஷினுக்கு ஒரு சாவி இருக்கு. அது என்கிட்ட இருக்கட்டும். நான் பக்கத்துல நின்னாத்தான் மெஷின் ஓடும். என் பொறுப்பு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க வார்த்தைய நம்பித்தான் விடறேன், அண்ணே. அவரு வார்த்தைய நம்பி இல்ல" என்றாள்.

சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. மெஷினின் சுவிட்சு நடுவே செருகியிருக்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துண்டு. விரல் நுனி அளவுதான் இருக்கும். அதை உருவிவிட்டால், எத்தனை தடவை அழுத்தினாலும் மெஷின் ஓடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காக வைத்திருக்கிறார்கள். லிங்கத்துக்கு வைத்தது சரிதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். சுவரில் அதற்கும் ஓர் உருவம் வரைந்தான். சின்னக் கறுப்பு உருவம், கீழே ஆணி, ஆணியில் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், "அது பாலு வீட்ல இருக்கு. நான் கொத்தடிமை" என்பான்.

அன்றிலிருந்து அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சாயங்காலம் போன் வரும். "வாய்யா, பெர்மிஷன் ஆபீசர்." நான் போவேன். அவன் உள்ளங்கையை நீட்டுவான். நான் சாவியை வைப்பேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகுவான். ஒரு வெட்டு, சில நாள் இரண்டு வெட்டு. பிறகு சாவியை உருவிச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போடப் போவான். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. அலுவலகக் கதை, ஊர்க் கதை. செண்பகம் வந்து எட்டிப் பார்த்து, நான் இருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாக உள்ளே போவாள்.

அந்தச் சாவிக்காக நான் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. தி.நகரில் என் தங்கை பேரனுக்குப் பெயர் வைக்கும் விழா. இலை போட்டு உட்கார்ந்ததும் லிங்கத்தின் போன். பசை தடவியாகிவிட்டது, ஒரு பட்டை மட்டும் அறுக்க வேண்டும், காய்ந்துவிடும் என்றான். எழுந்து வந்தேன். தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். இன்னொரு முறை மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சாவிக்கொத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். ஷெட் மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. லிங்கம் ஒரு சின்னத் துண்டை அறுத்துவிட்டுப் "போதும்" என்றான். "இதுக்காய்யா கூப்பிட்ட?" என்று கத்தினேன். டவலைக் கொடுத்துவிட்டு, "நீ வருவியா பாக்கலாம்னு கூப்ட்டேன்" என்றான். அன்றைக்குச் சிரித்தேன்.

இடையில் ஒன்று கவனித்தேன். மேசைமேல் சில நாள் நான் பார்க்காமலே அறுத்த பலகைகள் அடுக்கியிருக்கும். கேட்டேன். "கே.கே. நகர்ல ஒரு பிளைவுட் கடை பிடிச்சிருக்கேன். அளவு சொன்னா அங்கியே அறுத்துக் குடுத்துடறான். ஓனரு கோயம்புத்தூர் பக்கம். சுகர் இருக்கு அந்தாளுக்கு. டீயில சக்கரை போட்டுட்டாங்கன்னு அன்னிக்கி கடைப் பையன போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்" என்றான். கேட்டுக்கொண்டேன். பல வருடம் அவனோடு பழகி, அவன் வாயாலேயே அந்தச் சூத்திரத்தைக் கேட்டவன் நான். டீயில் சர்க்கரை வரைக்கும் வந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் செண்பகம் வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்று. அழுது முடித்து என்னைப் பார்த்தாள்.

"சாவியக் குடுத்தீங்களா, அண்ணே?"

"இல்லம்மா" என்று கொத்தை எடுத்துக் காட்டினேன். சிவப்புத் துண்டு அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப அது எப்படி ஓடிச்சு?"

கொத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"ரெண்டு சாவி இருந்துச்சா?"

"ஒண்ணுதாம்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நான் அவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன், நண்பன் கெஞ்சியதும் சாவியை நீட்டியிருக்கிறேன், இப்போது வாய் கூசாமல் பொய் சொல்கிறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சாவு வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். லிங்கத்தின் அண்ணன் பக்கத்தில் வந்து, "சாவி வெச்சிருந்தது நீங்கதானா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "ஓ" என்றார், எழுந்து போய்விட்டார். அந்த "ஓ" என்னைத் தூங்கவிடவில்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் கையெழுத்தைச் சந்தேகப்பட்டவர் ஒருவர் கிடையாது. நண்பனின் சாவு வீட்டில் பொய்யனாக உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நான் செண்பகத்திடம் போய் ஷெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே ஷெட் சாவியை நீட்டினாள். ஆனால் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. சுவரில் ஒவ்வொரு சாமானும் அதனதன் உருவத்தின் மேல் இருந்தது. தரையில் மரத்தூளில் ஆம்புலன்ஸ்காரர்களின் கால்தடம். மெஷின் முன்னால் குனிந்தேன். சுவிட்சின் நடுவே, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில், கரும்பழுப்பாக ஏதோ இருந்தது. பிடித்து இழுத்தேன். உரசாமல், தயங்காமல், வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

மரச் சாவி. என் சிவப்புச் சாவியின் அச்சு அசல். ஓரங்கள் உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, பிடித்துக்கொள்ள நுனியில் மெல்லிய இரண்டு கோடுகள் கீறி, எண்ணெய் பூசியிருந்தான். திரும்பச் செருகிப் பார்த்தேன். ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. ஸ்டூலை நிற்க வைக்கத் தெரியாதவன், டிராயரை மூடவைக்கத் தெரியாதவன், வாழ்நாளில் கச்சிதமாகப் பொருந்தும்படி செய்தது இது ஒன்றுதான். அதை என்னை ஏமாற்றுவதற்காகச் செய்திருக்கிறான்.

அதோடு போகவில்லை. அந்த மரத்தை எனக்குத் தெரியும். ஈட்டி மரம். எங்கள் வீட்டுப் பழைய கட்டிலின் உடைந்த கால். பேனா ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்று அவன் என்னிடம் கேட்டு வாங்கிப்போனது. பிறகு ஒரு நாள், "வெடிச்சிருச்சு பாலு, மன்னிச்சுக்கோ. உள்ள துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு கெடந்துச்சு. தல இல்லாத ஆணி" என்றான். அது அவன் விரலில் போட்டிருந்த கட்டுப் பிரித்த புதிதில் நடந்தது. அப்படியானால் முதலிலிருந்தே. பெயர் வைக்கும் விழாவில் நான் இலையை விட்டு எழுந்தபோதும், மழைத் தண்ணீரில் சுவரைப் பிடித்து நடந்தபோதும் இது அவன் கையில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளங்கையை நீட்டி, கண்ணில் ஒற்றி, என் காதில் முழம் முழமாகப் பூச் சுற்றியிருக்கிறான். சுவரைப் பார்த்தேன். அந்தப் பட்டறையில் உருவம் வரையப்படாத பொருள் இது ஒன்றுதான்.

"என்ன அண்ணே?" என்றாள் செண்பகம் வாசலிலிருந்து.

என் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு, சுவிட்சில் ஏதோ கோளாறு, தானாக ஓடியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் மனதில் புருஷன் சொன்ன சொல் மாறாதவனாக இருந்திருப்பான். கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். நான் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. எனக்கு என் பெயர் வேண்டும். திரும்பி, ஒரு கையில் சிவப்பையும் ஒரு கையில் மரத்தையும் நீட்டினேன்.

அவள் மரத்தை எடுத்தாள். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனிந்து சுவிட்சில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள்.

"இவ்ளோ நேர்த்தியா செய்யத் தெரிஞ்ச மனுஷன், என் ஷெல்ஃப ஏன் அப்படி கோணலா செஞ்சாரு?" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம் அதை வழிமறித்து நின்றது.

"உங்களத் தப்பா நெனச்சிட்டேன், அண்ணே" என்றாள் பிறகு. "மன்னிச்சிருங்க. என்கிட்ட மறைச்சாரு, அது புரியுது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மெஷின வித்திருப்பேன். உங்ககிட்ட ஏன் மறைச்சாரு?"

ஷெட் சாவியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்தால், மரத்தடியில் கன்னியம்மா பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். "சாவி சார், காரியம்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?" என்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நம்பர் அவளிடம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அவருதான் சார் ஃபோன்ல போட்டுக் குட்த்தாரு. 'கன்னியம்மா, கட்டைய அறுக்கசொல்ல மிஷினு சத்தம் மாறும். மாறாம ஒரே ரகமா ஓடிச்சின்னா நீ வந்து எட்டிப் பாரு. எதுனா ஆயிருந்தா இந்த நம்பருக்கு அடி. சாவி சாரு, உடனே வந்துருவாரு'ன்னாரு. அன்னிக்கி சத்தம் மாறவே இல்ல சார். அதான் போய்ப் பாத்தேன்."

"தினமும் காலைல ஓட்டுவானா?"

"இன்னா சார் இப்டி கேக்கற? அம்மா ஸ்கூலுக்குப் போனதும் ஆரம்பிச்சிருவாரு. அவரு மிஷினு சத்தம் கேட்டாதான் எனுக்கு டீ டைமு. தெருவுக்கே தெரியும். உனுக்குத் தெரியாதா?"

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்கும் செண்பகத்துக்கும்தான் தெரியாது. எனக்குத் தெரியாமலே என் பெயரை மாற்றி, என் நம்பரைக் கொடுத்து, என்னையே அவன் ஒரு பாலிசியாக எடுத்து வைத்திருக்கிறான். நான் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஆனால் விழுந்தால் நான் ஓடிவர வேண்டும். பாலிசி போட்டுப் பழகிய என்னிடமே இதைச் செய்திருக்கிறான்.

இதையெல்லாம் போன சனிக்கிழமை உங்களிடம் சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினீர்கள். வேறு சாவி இருந்தும் தினமும் சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாரே, அது உங்கள் மேல் வைத்த பிரியம்தானே, அந்தச் சாவி ஒரு சாக்குதானே என்றீர்கள். இருக்கலாம். மழையில் நான் வருவேனா என்று பார்த்தவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. துணை வேண்டுமென்றால் துணைக்கு வா என்று கூப்பிட வேண்டியதுதானே. நான் என்ன சாவி இல்லாமல் வரமாட்டேன் என்று சொன்னேனா? காலையில் வேலை செய்ய ஆசையாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அந்த ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து படித்திருப்பேன். மூலைமட்டத்தைத் தொட்டிருக்கக்கூட மாட்டேன்.

மெஷினைச் செண்பகம் நம் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டாள். சிவப்புச் சாவியை நானே தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இனி யாருடைய வார்த்தைக்கும் நான் ஜாமீன் நிற்கப் போவதில்லை. அது மெஷினோடு அடையாறு போய்விட்டது. நம்பிக்கையான ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

மரச் சாவியை மட்டும் நான் செண்பகத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டு மரம்தானே. சிவப்பு இருந்த வளையத்தில் இப்போது அது தொங்குகிறது. லிங்கத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவன் கீறிய இரண்டு கோடுகளும் நடுவில் அழிந்து போயிருப்பது தெரிகிறது. அங்கே ஒரு மினுமினுப்பு இருக்கிறது. உப்புத்தாளால் அது வராது. காலைக்குக் காலை அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டு வந்தது. அந்தக் காலைகளில் எல்லாம் நான் பத்து நிமிட தூரத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன், லிங்கம்.